கடைப் பலகையின் முதல் எழுத்து

வேலைக் காலம் முழுவதும் கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். நகர மன்றத்தின் உரிமப் பிரிவில் விளம்பரப் பலகை மேசை என்னுடையது. ஒரு பலகை எந்த உயரத்தில் தொங்க வேண்டும், ஐந்தடி நடைபாதைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொள்ளலாம், தேசிய மொழியான மலாயைவிடத் தமிழும் சீனமும் எவ்வளவு அடக்கமாக இருக்க வேண்டும், விளக்கு போட்டால் எந்தப் படிவம், போடாவிட்டால் எந்தப் படிவம் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பலகை யார் தலையிலும் விழாமல் இருந்தால் போதும் என்பதே மன்றத்தின் அழகியல். எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. பாசார் தெருவில் மனைவியோடு காய்கறி வாங்கப் போனால், இந்தக் கடைக்கு உரிமம் முடிந்திருக்கும், அந்தக் கடை மலாய் எழுத்தைச் சிறிதாகப் போட்டிருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். கத்தரிக்காயைப் பாருங்கள் என்பாள் அவள்.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் டீச்சர்தான். சில சமயம் நானே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் துணியில் வரவேற்பு எழுதுவது, கோயில் வாசல் பலகையில் அன்னதான நேரம் எழுதுவது எல்லாம் அவள் வேலை. தட்டைத் தூரிகையை மையில் தோய்த்துக் கோடு கிழிக்காமலே எழுதுவாள். வரி கயிறு கட்டியதுபோல் நிற்கும். அறிவிப்பைப் படிக்க வந்தவர்கள் செய்தியை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்னதானம் எப்போது என்று பிறகு என்னிடம் கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. ஆபத்தான நோய் எதுவும் இல்லை, சிலருக்கு வயதானால் வரும் நடுக்கம்தான் என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். கையைக் கவனிக்கக் கவனிக்கக் கூடும், மறந்திருந்தால் குறையும் என்றார் மருத்துவர். மறந்திருக்க மாத்திரை கொடுத்தார். அது கையைவிட அவளை நன்றாகத் தூங்க வைத்தது. நிறுத்திவிட்டாள்.

நடுக்கத்தை மறைப்பது ஒரு முழுநேர வேலை என்பதை அதற்குப் பிறகு பார்த்தேன். தேநீர்க் கோப்பை பாதி மட்டும் நிரம்பும். விருந்து வீடுகளில் ரசம் வேண்டாம் என்று சொல்லப்படும். கை சும்மா இருக்கும்போது முந்தானைக்குள் போய்விடும். வளையல்கள் தாமாகவே ஒலிக்கத் தொடங்கியதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். ஒற்றை வளையல் எதனோடு மோதும்? கோயில் நிர்வாகத்திடம், அப்போது இருந்த கண்புரையைக் காரணமாகச் சொல்லி எழுத்து வேலையிலிருந்து விலகிக்கொண்டாள். அன்றிலிருந்து கோயிலில் கணினியில் அடித்து ஒட்டுகிறார்கள். பக்கவாட்டில் இழுத்து விடப்பட்ட ரப்பர் மாதிரி எழுத்து. முருகன் பொறுமையானவர்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் அம்மாள் இருக்கிறார். கணவர் போன பிறகு வீட்டு வாசலில் காலைப் பசியாறைக்குக் கடை போட்டு ஒரே மகளைப் படிக்க வைத்தவர். அந்த மகள் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளின் மேலுறைக்குப் படம் போடுகிறாள். தினமும் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய் வருகிறாள். வார இறுதியில் அவளுக்கு வேறொரு தொழில் இருக்கிறது. எழுத்துரு செய்வாள். தூரிகையால் எழுதியதுபோன்ற ஆங்கில எழுத்துகள். கரடுமுரடான கரையோடு, மை தீரும் இடத்தில் முடிமுடியாகப் பிரியும் கீற்றோடு. பத்தி பத்தியாகப் படிக்க ஆகாது; கடைப் பலகைக்கும் தலைப்புக்கும் மட்டும். இணையத்தில் போட்டால் எங்கெங்கோ இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்களாம். எழுத்தைத் தனித்தனியாக விற்கலாம் என்பதே எனக்குச் செய்தி. என் காலத்தில் அதற்குப் படிவம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் சுங்கை பினாங்கில் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார். நோன்பு மாதத்துக்கு முன் திறக்க வேண்டும். அவர்கள் வீட்டில் தாயை உம்மா என்றுதான் அழைப்பார்கள். கடைக்கு ‘உம்மா கைமணம்’ என்று பெயர் வைத்தாள் மகள். பலகைக்கு எழுத்து தேடியபோதுதான் அவளுக்குப் பிடித்தமாதிரித் தமிழ்த் தூரிகை எழுத்து ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, இல்லாவிட்டால் கட்சிக் கூட்டம் மாதிரி இருந்தது. நாமே ஒன்று செய்துவிடலாம் என்று ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள், எழுதச் சொன்னால் சிரிப்பாள். அதனால் எழுத்தை வேறொருவர் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

“நீங்க கோயில் போர்டுல எழுதுவீங்கல்ல டீச்சர், அந்த மாதிரி,” என்றாள். “கையால எழுதுனதுன்னு பாத்த ஒடனே தெரியணும். ஸ்மூத்தா வேணாம் லா. ஸ்மூத்தெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடும்.”

“இப்ப எழுதறதில்லம்மா. கண்ணு சரியில்ல.”

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து மாதங்களாகிவிட்டன என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பூ வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவளே அவள்தான். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. கெட்டித் தாள் ஒரு கட்டு, ஒரு மைப்புட்டி, புதுத் தூரிகைகள் இரண்டு மேசைமேல் வைத்துவிட்டு, மனசு வந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தெந்த எழுத்து வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்தும் வைத்திருந்தாள். உயிரும் மெய்யும் கொம்பும் காலும் தனித்தனியாக. மற்றதைக் கணினி ஒட்டிக்கொள்ளும். இருநூற்று நாற்பத்தேழையும் எழுத வேண்டியதில்லை என்று அறிந்ததும் என் தமிழ்ப்பற்று சற்று நிம்மதியடைந்தது.

தாள்கட்டு பல நாள் அப்படியே கிடந்தது. மேசையைத் துடைக்கும்போது என் மனைவி அதை எடுத்து, துடைத்த பிறகு அதே இடத்தில் வைப்பாள். ஒருநாள் காலை, சாதிக்காய் ஊறுகாய் வேண்டும், பாலிக் புலாவிலேயே போய் வாங்கி வாருங்கள் என்றாள். சாதிக்காய் எங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் விண்ணப்பம் முறையாக இருந்தால் ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும் என்பது என் அலுவலக அனுபவம். பேருந்து ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு போய், ஊறுகாயை வாங்கி, அங்கேயே ஒரு கிண்ணம் லக்சா மீன்சாறு நூடுல்ஸும் சாப்பிட்டுப் பொறுமையாகத் திரும்பினேன்.

வீட்டுக்குள் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. கூடம் முழுக்கத் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. நடக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று பார்த்தேன். நான் அறிந்த எழுத்துதான். அதே வளைவு, அதே நிமிர்வு. ஆனால் கரைகள் எல்லாம் சிறுசிறு அலை. கோடு போகும் வழியில் தூரிகை துள்ளித் துள்ளித் தாளை விட்டிருந்த இடங்களில் வெள்ளைக் கீற்றுகள். மரப்பட்டையில் எழுதியதுபோல் இருந்தது. நன்றாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. சொல்லலாமா என்று தெரியவில்லை. முதல் தாளில் ஓரிடத்தில் மை கொட்டிப் பெரிய கருந்திட்டு இருந்தது. ஊகாரத்துக்கு முன்னால் இருந்த எழுத்து அதற்குள் மூழ்கியிருந்தது.

ஒவ்வொரு தாளின் தலையிலும் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் சுழி இருந்தது, கீழே ஒரு கோட்டோடு. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. மளிகைக்கு எழுதினாலும் மின்சார அலுவலகத்துக்குப் புகார் எழுதினாலும் அவள் அதைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். பேனாவை எடுத்தால் கை தானாகப் போடும். கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றுவதுபோல.

தாள்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தபோது, என் பழைய பிரஷ்ஷால் எழுதினேன், மயிர் கொட்டிப்போய்விட்டது, கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும் என்று என் மனைவி சொன்னாள். அந்தப் பெண்ணோ தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கரடு தானாக வராது, தூரிகையைக் காயவைத்தும், பஞ்சால் ஒற்றியும், உப்புத்தாளில் தேய்த்தும் பார்த்திருக்கிறேன், இப்படி வரவே இல்லை என்றாள். எந்தக் கடையில் வாங்கிய பிரஷ் என்று கேட்டாள். என் மனைவி அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள்.

அடுத்த சில வாரங்கள் அந்தப் பெண் வேலையிலிருந்து வந்ததும் மடிக்கணினியோடு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருவாள். எழுத்தைப் படம்பிடித்து, வெட்டி, கரையைப் புள்ளிகளாக மாற்றுவதை எனக்குக் காட்டுவாள். வழுவழுப்பான எழுத்துக்குச் சில புள்ளிகள் போதும். இதற்கு எண்ணி மாளவில்லை. ஒருநாள், உம்மா கைமணம் என்பதில் ‘ம’ நான்கு முறை வருகிறது, நான்கும் ஒரே கீறலோடு நின்றால் அச்சு என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் வெவ்வேறு ‘ம’ வேண்டும் என்றாள். கையால் எழுதினால் எந்த எழுத்தும் இன்னொன்றைப்போல வராது. கணினிக்கு அந்தப் பிழையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் மனைவி மறுநாள் என்னை மறுபடியும் ஊறுகாய்க்கு அனுப்பினாள். ஒரு தாள் நிறைய ‘ம’ வந்தது.

அந்த வாரங்களில் அவள் தன் கையை எப்போதாவது முந்தானைக்கு வெளியே மறந்து வைத்திருப்பதைப் பார்த்தேன். திரையில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கி, இந்த இடம் ரொம்ப அழகு டீச்சர் என்று அந்தப் பெண் சொல்வாள். அது தூரிகை துள்ளிய இடமாக இருக்கும். என் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்ப்பாள்.

பலகை விண்ணப்பம் என் பொறுப்பு. மீண்டும் ஒருமுறை அளவுகோலோடு உட்கார்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கடை நகரின் பாரம்பரியப் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே என்பதால் ஒரு வரைபடம் மிச்சம். மலாய்ப் பெயர் மேலே பெரிதாக, தமிழ் கீழே ஓர் அளவு சிறிதாக. மொழிச் சரிபார்ப்பு முடிந்தது. மகள் பலகையை உண்மையான அளவில் அச்சடித்து அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். எங்களையும் கூப்பிட்டார்கள்.

பக்கத்து வீட்டம்மாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தள்ளி நின்று பார்த்தார். அவருக்கு எதிலும் ஒளிவுமறைவு கிடையாது. பசியாறைக் கடையில் பரோட்டாவைக் குறை சொன்னவர்களுக்கும் அதே குரலில்தான் பதில் சொல்வார்.

“மொத எழுத்து நல்லா நிக்கிது,” என்றார். “மத்ததெல்லாம் என்னடி, மழையில நனஞ்ச கோழி மாதிரி வெடவெடங்குது?”

“அதான் உம்மா ஸ்டைலு.”

“என்ன ஸ்டைலோ. கைமணம்னு பேர வச்சிட்டு, சமைக்கிறவ கையே நடுங்குற மாதிரி எழுதிப் போட்டா எவன் வந்து திம்பான்? டீச்சர், நீங்க தப்பா நெனக்காதீங்க. எல்லாத்தையும் அந்த மொத எழுத்து மாதிரியே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொட்டு நஞ்சு இல்லை. தெரியாது, அவ்வளவுதான். என் மனைவியின் கை முந்தானைக்குள் போனதை நான் மட்டும் பார்த்தேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ‘உ’ ஒரே வீச்சில் போட்டதுபோல் வழுவழுவென்று நின்றது. அதற்குப் பின்னால் வந்த எழுத்தெல்லாம் அலைபாய்ந்தது. வரைபடத்தில் நானே அளந்திருக்கிறேன். உயரம் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

என் மனைவி அந்த எழுத்தின் பக்கத்தில் போய் நின்றாள். எந்தத் தாளிலிருந்து இதை எடுத்தாய் என்று மகளிடம் கேட்டாள்.

“எல்லாத் தாள்லயும் மேல தனியா எழுதியிருந்தீங்கல்ல டீச்சர். கடைப் பேரு இதுலதானே ஆரம்பிக்குது, எனக்குப் பாத்து எடுத்துக்கன்னு நெறைய போட்டுக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன். வரிசையில இருந்தது மை கொட்டிப் போச்சு. மேல இருந்ததுல நல்லா இருந்தத எடுத்துட்டு, கீழ இருந்த கோட்ட வெட்டிட்டேன்.”

பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி கிளம்பினாள். ஐந்தாறு அடி தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவ்வளவு மெதுவாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினோம். பிள்ளையார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் பார்க்காத மீன்கறியா என்றாள். ஆனால் அந்த வீட்டில் துஆ ஓதிக் கடை திறக்கப் போகிறார்கள்; அவர்கள் தலைவாசலில் நம் சாமிக்குப் போட்ட சுழியை அவர்களுக்குத் தெரியாமல் மாட்டி வைப்பது முறையில்லை என்றாள். நான் அதிகாரியாக யோசித்தேன். கோட்டை வெட்டிய பிறகு அது வெறும் எழுத்து. யாருக்கும் அடையாளம் தெரியாது. தடுக்கும் விதியும் இல்லை. அப்படியே விட்டுவிடலாம், மற்ற எழுத்துகளை வேண்டுமானால் கணினியிலேயே தேய்த்து நேராக்கிக்கொள்ளச் சொல்லலாம், அதற்கு ஒரு பொத்தான் இருப்பதாக அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள் என்றேன். எழுத்தும் அழகாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

“தேச்சு நேராக்கிட்டா அது யாரு கைங்க?” என்றாள்.

நான் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

“கோயில்ல கண்ணுன்னு சொன்னேன். இங்க பிரஷ்ஷுன்னு சொன்னேன். இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு?”

அவள் கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அது கூடியது. பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். சுழி போடும்போது மட்டும் கை நடுங்குவதில்லை என்று அவளுக்கே நேற்றுத்தான் தெரியவந்ததாம். அது தன்பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போகிறது. எழுத்து என்று நினைத்தவுடன் எல்லாரும் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. மருத்துவர் சொன்னதை அவள் எழுத்து ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது.

தூரிகையையும் மையையும் எடுத்து வைக்கச் சொன்னாள். என்னை ஊறுகாய்க்கு அனுப்பவில்லை. கூட வரச் சொன்னாள்.

சுங்கை பினாங் கடையில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் எரிவாயுக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தார். தாயும் மகளும் தட்டுகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி உட்காராமலே சுழியைப் பற்றிச் சொன்னாள். எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையாருக்கு இதைப் போடுவோம். அதைத்தான் உன் மகள் எழுத்து என்று எடுத்துவிட்டாள். பார்த்த உடனே சொல்லியிருக்க வேண்டும், நேற்று எனக்கு வாய் வரவில்லை என்றாள். மகள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தெரியாது டீச்சர், தெரியாது டீச்சர் என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அம்மாள் கையிலிருந்த தட்டை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நான் கடலமாவுக்குக் கணக்கு எழுதுனாலும் மேல பிஸ்மில்லாவுக்கு எழுநூத்தி எம்பத்தாறுன்னு போட்டுத்தான் எழுதுவேன். நல்லவேள, நீங்க என் தாள எடுக்கல. இல்லாட்டி இவ கடைக்கு நம்பர்ல பேரு வச்சிருப்பா.” மகளைப் பார்த்து, “தமிழ் கிளாஸுக்குப் போடின்னா வயித்த வலின்ன. இப்பப் பாரு,” என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, “சொன்னதுக்கு நல்லது டீச்சர். உங்க புள்ளையாரு உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒரு சாதா ‘உ’ எழுதிக் குடுங்க, போதும்.”

“அதுக்குத்தான் வந்தேன்,” என்றாள் என் மனைவி.

ஒரு மேசையை நிமிர்த்தினோம். தாளை விரித்தாள். நான் மைப்புட்டியைத் திறந்து வைத்தேன். குழாய்க்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒளித்து வைக்க இனி இடமில்லை. தூரிகையைத் தோய்த்ததும், பழக்கம், கை தாளின் தலைக்குப் போய் ஒரு சுழியைப் போட்டுக் கீழே கோட்டை இழுத்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள். வழுவழுவென்று.

பிறகு தாளின் நடுவுக்கு வந்தாள். அங்கே கை நின்றது. நடுங்கத் தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து விரல் வரை, மேசைக்கால் லேசாகத் தட்டும் அளவுக்கு. தாள் நகர்ந்தது. பிடிக்கப் போனேன். எனக்கு முன்னால் அந்த அம்மாள் இரண்டு கையாலும் தாளின் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஈரக் கையின் அடையாளம் தாளில் ஏறியது. என் மனைவி எழுதினாள். மேலேறும்போது தூரிகை துள்ளியது, வளைவில் பிரிந்தது, கிடைக்கோட்டில் மூன்று இடத்தில் தாளை விட்டுவிட்டுத் தொட்டது. கடைசிவரை எழுதிவிட்டுத் தூரிகையைப் புட்டியின் வாயில் சாய்த்து வைத்தாள். அதுவும் கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் நின்றது.

ஒரே தாளில் இரண்டும் இருந்தன. மேலே நிற்கும் ‘உ’, கீழே அலையும் ‘உ’.

மகள்தான் முதலில் பேசினாள். “அப்போ பழைய பிரஷ் இல்லியா டீச்சர்?”

“நீ குடுத்த புது பிரஷ்தாம்மா. எல்லாமே அதுலதான் எழுதுனேன்.”

அம்மாள் தாளின் ஓரத்தை விடவில்லை. மழையில் நனைந்த கோழி அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அது ஏறியதைப் பார்த்தேன். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என் மனைவியால் அதைத் தாங்கியிருக்க முடியாது. அவர் கீழே இருந்த எழுத்தைக் கூர்ந்து பார்த்தார், மீனைப் பார்த்து வாங்குவதுபோல.

“இதுதான் மத்ததோட சேருது,” என்றார். “இதையே போடு. மத்த எதையும் மாத்த வேணாம்.” பிறகு நிமிர்ந்து, “டீச்சருக்குத் தேத்தண்ணி போடுடி. என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?”

எழுத்தின் வடிவம் மட்டும் மாறினால் திருத்திய வரைபடம் கொடுக்க வேண்டுமா என்று விதிகளைப் புரட்டினேன். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்துவைத்தேன். ஒப்புதல் வந்தது. பரிசோதிக்க வந்த இளம் அதிகாரி மலாய் எழுத்தை அளந்தார், தமிழ் எழுத்தை அளந்தார், பலகையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பயிற்சி.

எழுத்துருவை அந்தப் பெண் பிறகு இணையத்தில் வெளியிட்டாள். அதற்கு டீச்சர் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டாள், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் எப்படி எழுதப்பட்டது என்றாவது போடட்டுமா என்று ஒரு வரியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். ‘இயல்பாக நடுங்கும் கை ஒன்று தூரிகையால் எழுதியது.’ என் மனைவி அதை நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு இப்படியே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புகிறோம். கண் சரியாகிவிட்டது, கைதான் கொஞ்சம் ஆடும், படித்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டாள். அலமாரியிலிருந்த வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பேன். பக்கத்தில் நின்றால் கை கூடுகிறது. கோயில் வளாகத்துக்குள் வைக்கும் பலகைக்கு உரிமம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே எனக்கு அங்கே வேலையும் இல்லை. அவள் எழுதும்போது வளையல்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒலி நின்றால் ஓர் எழுத்து முடிந்தது. மறுபடி தொடங்கும்.